தேரன்றா, தேருக்கு முந்தின நாளா? புதுவை, கடலூர் கோடையில் எதற்குப் போவது

சித்திரை பாதி தாண்டுவதற்குள் சென்னையிலிருந்து தங்கையின் போன் வந்துவிடும். "அக்கா, பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு. எதுக்கு வரட்டும், சொல்லு. தேருக்கா, பீச்சுக்கா?" அவளுக்குக் கிடைப்பது நாலு நாள் விடுப்பு. இந்தப் பக்கமோ சித்திரையில் தொடங்கி ஆடி முடியும்வரை எங்காவது ஒரு கோயிலில் கொடி ஏறிக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் போக முடியாது. போன வருஷம் வாயால் சொன்னதை இந்த வருஷம் எழுதியே வைக்கிறேன். அவளைப் போல யோசிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து புதுச்சேரி முதலியார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டுமே என் ஊர். எது உசத்தி என்ற பேச்சு எனக்கு வேண்டாம். வீட்டில் முழங்கால் வலியோடு அம்மா இருக்கிறார், ஏழு வயதில் மகன், பதினாலு வயதில் மகள். இந்த மூன்று பேருக்கும் ஒரே இடம் ஒத்துவராது என்பதை ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆனது.

அதற்குக் காரணம் ஒரு தேர்தான். எந்த ஊர்த் தேர் என்பது இங்கே வேண்டாம். மகனுக்கு அப்போது நாலு வயது. தேர் திருப்பத்தில் நின்றதும் கூட்டம் பின்வாங்கியது, என் கையிலிருந்த சின்னக் கை நழுவிவிட்டது. இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் பார்த்த ஒவ்வொரு நீலச் சட்டையும் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் ஓர் இளநீர்க்காரர் அவனைத் தன் தள்ளுவண்டி மேல் உட்காரவைத்திருந்தார். அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறான், போன் நம்பர் தெரியவில்லை. அன்று முதல் கூட்டத்துக்குக் கிளம்பும்போது பிள்ளைகளின் முன்னங்கையின் உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் நம்பர் எழுதிவிடுவேன். பதினாலு வயதுக்காரி முகம் சுளித்தாலும் கையை நீட்டுவாள்.

அதனால் நான் எந்த விழாவையும் மூன்றே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுகிறேன். கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர் யார், வெயில் எந்த வேளையில் படும், திரும்பி வர வண்டி எங்கே நிற்கும்.

முதலில் வைகாசி. நம் பக்கத்து இரண்டு பெரிய சிவன் கோயில்களுக்கும் பிரம்மோற்சவம் இந்த மாதம்தான். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர், புதுவையில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர். இரண்டிலும் பத்து நாள் விழா, இரண்டிலும் தேர். வெளியூரிலிருந்து வருகிறவர் இதில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

வில்லியனூர்த் தேருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம் தொட்டே கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கம். ஆட்சி மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை. தாத்தா பிரெஞ்சு துரையைப் பார்த்த இடத்தில் பேரன் துணைநிலை ஆளுநரைப் பார்க்கிறான். ஆனால் பெரியவர்கள் வருவதால் போலீஸ் கட்டு அதிகம். தேரடிக்குப் போகும் தெருக்களை முன்னதாகவே அடைத்துவிடுவார்கள். முழங்கால் வலிக்காரரை அழைத்துக்கொண்டு எங்கோ வண்டியை நிறுத்திவிட்டு நடப்பது பெரும்பாடு.

திருப்பாதிரிப்புலியூரின் வசதி ரயில் நிலையம். இறங்கினால் கோயில் நடக்கிற தூரம்தான். புதுவையிலிருந்து பஸ்ஸில் வந்தாலும் இறங்குமிடத்திலிருந்து அலைச்சல் இல்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களே தேர் ஓடும் தெருக்கள் என்பதால், ஒரு கடை வாசலில் நாற்காலி கேட்டு அம்மாவை உட்காரவைத்தால் தேர் அவரைத் தேடி வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. சமணர்கள் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தபோது அப்பர் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரைசேர்ந்தது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. அவர் ஏறிய இடத்துக்கு இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். சித்திரையில் அதற்கென்றே ஒரு விழா நடக்கும். கூட்டம் அதிகம் சேராத விழா. பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிக்கொண்டே அந்த இடத்தைக் காட்டலாம். பெயரைக் கேட்டதும் "கரையேற விட்டது யாரு?" என்று மகன் கேட்டான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வீடு வந்துசேரும்வரை பேசினோம்.

ஆக, இரண்டில் ஒன்று என்றால் குடும்பத்தோடு போகிறவருக்கு நான் சொல்வது திருப்பாதிரிப்புலியூர். வில்லியனூர் வேண்டும் என்கிறவர் தேரன்று வேண்டாம், அதற்கு முந்தின சாயங்காலம் போங்கள்.

எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானதே இதுதான். தேரன்று நாம் பார்ப்பது தேரை அல்ல, முன்னால் நிற்பவர் முதுகை. முந்தின நாள் சாயங்காலம் தேர் முழு அலங்காரத்தோடு தேரடியில் நிற்கும். தொம்பைகள் என்ற துணிக் குழாய்கள் தொங்கும், சீலை கட்டி முடித்திருப்பார்கள், வாழைமரம் மட்டும் பாக்கி இருக்கும். கிட்டே போகலாம். அடித்தட்டில் யாளி, குதிரை, ஆடும் பெண்கள் என்று மரத்தில் செதுக்கியிருப்பதை விரல் வைத்துக் காட்டலாம். வடத்தைச் சுருட்டி வைத்திருப்பார்கள். மகன் அதைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான், இரண்டு கையும் எட்டிச் சேரவில்லை. பக்கத்திலேயே முட்டுக்கட்டைகள் குவிந்திருந்தன. ஒரு பெரியவர் ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்கடியில் எப்படிக் கொடுப்பது என்று காட்டினார். "சக்கரத்தைத்தான் பாக்கணும் தம்பி, சாமியப் பாத்தா கை போயிடும்" என்றார். நகரும் தேரைத் திருப்பத்தில் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டை போடுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. பல கோயில் தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தில் செய்த இரும்புச் சக்கரம் வந்துவிட்ட பிறகும் கட்டைக்கு வேலை போகவில்லை. தேரன்று இதையெல்லாம் யார் நின்று விளக்குவார்?

இன்னொரு நல்ல வேளை, விழாவின் நடுவில் வரும் ராத்திரிப் புறப்பாடுகள். ஐந்தாம் நாள் ரிஷப வாகனம் என்றால் எங்கள் அம்மாவுக்கு வேறெதுவும் வேண்டாம். வெயில் தாழ்ந்து, தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். நாதஸ்வரம் தூரத்தில் கேட்கும்போதே வாசலில் தேங்காய், கற்பூரத் தட்டோடு நிற்பார்கள். சாமி நம் எதிரில் நிற்கும், கற்பூரம் காட்டுவார்கள், விபூதி கொடுப்பார்கள், அடுத்த வாசலுக்கு நகரும். குழந்தையைத் தோளில் தூக்க வேண்டிய அவசியம் கூட இல்லை.

அப்படியானால் தேரன்று யார் போவது? இழுக்கப் போகிறவர்கள். என் மகள் போன்ற வயதுக்காரர்களுக்கு அந்த நாளை மறுக்கக் கூடாது. வடத்தில் கை வைத்து, நூற்றுக்கணக்கான பேரோடு மூச்சுப் பிடித்து, முதல் இரண்டு இழுப்புக்கு அசையாமல் மூன்றாவதில் நகர்கிறதே, அப்போது உள்ளங்காலிலிருந்து ஏறும் ஒரு நடுக்கம், அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பருத்திச் சட்டை, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்வது, வெறும் வயிற்றோடு போகாமல் இரண்டு இட்லி. நீர்மோர்ப் பந்தலும் பானகமும் வழியெல்லாம் கிடைக்கும். தேர் நிலைக்கு வரும்வரை இருக்க வேண்டியதில்லை. ஒரு தெரு இழுத்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். அக்னி நட்சத்திரம் மே மாதம் 28 வாக்கில் முடிந்தாலும், ஜூன் வெயில் அதற்குச் சளைத்ததல்ல.

இனிக் கடற்கரை. இதில்தான் தங்கையோடு எனக்கு வருஷா வருஷம் வாக்குவாதம். அவள் புதுவை பீச் ரோடுதான் வேண்டும் என்பாள், நான் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சைச் சொல்வேன்.

பீச் ரோட்டின் பெரிய நன்மை, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கூட ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போகலாம். தரை சமம். நினைத்த இடத்தில் திட்டில் உட்காரலாம். காந்தி சிலையைச் சுற்றியிருக்கும் கருங்கல் தூண்கள், பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. குறை இரண்டு. கரை நெடுகப் பாறை என்பதால் பிள்ளைகளுக்கு விளையாட மணல் போதாது. தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் தடுப்பு போட்டபின் கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது, சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கூட்டம். வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். உள்ளூர்க்காரர்கள் செவ்வாய், புதனில்தான் போவார்கள். தங்கையும் அப்படியே வரட்டும்.

சில்வர் பீச்சில் மணல் அகலம். பட்டம் விட, குழி தோண்ட, ஓட இடம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் நெய்தல் கோடை விழா நடத்திய ஆண்டுகளில் கலைநிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் எனக்கு விழா இல்லாத சாயங்காலம்தான் பிடிக்கும், அதிலும் பௌர்ணமி. கிழக்குப் பார்த்த கடல். மேற்கே சூரியன் இறங்கி வெளிச்சம் முழுக்கப் போகுமுன், கடலுக்கு மேலே பழுத்த பலாச்சுளை நிறத்தில் நிலா கிளம்பும். பீச் ரோட்டிலும் அதே நிலாதான், ஆனால் அங்கே விளக்கு வெளிச்சம் அதை விழுங்கிவிடுகிறது. ஒரு நாள் தள்ளிப் போனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாக எழும், இருட்டியிருக்கும், அந்த நிறம் கிடைக்காது. எனவே நாள்காட்டியில் பௌர்ணமியை வட்டம் போட்டுக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு மணலில் நடப்பது கஷ்டம். அவருக்காக ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோய், மணல் தொடங்கும் இடத்திலேயே போட்டுவிடுவோம்.

காற்று விஷயம் ஒன்று. கடற்கரைக்குப் போனால் குளிர்ச்சி நிச்சயம் என்று நினைத்து வந்து வெந்துபோனவர்கள் உண்டு. தரை சூடேறி அந்தக் காற்று மேலெழும்பும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். சாதாரணமாக நடுப்பகலை ஒட்டி அது தொடங்கிவிடும். ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடித்தால், கடல்காற்றை அது தடுத்து நிறுத்தும். அன்று கடல் ஓரத்திலும் அனல்தான். நாங்கள் செய்வது, மூன்று மணிக்கு மாடிக்குப் போய் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பது. மேற்கே பறந்தால் கிளம்பலாம், கிழக்கே பறந்தால் வீட்டிலேயே நுங்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் போகலாம்.

இரண்டு கடற்கரையிலும் குளிக்க இறங்க வேண்டாம். ஒன்றில் பாறை, மற்றொன்றில் இழுப்பு. கணுக்கால் நனைந்தால் போதும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அதில் விருந்தாளிக்கும் விலக்கு கிடையாது.

தின்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீனுக்காகவே வருகிறேன் என்றால் வைகாசி சரியான காலம் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், சின்னப் படகில் வருவதுதான் மீன், விலையும் ஏறியிருக்கும். அதற்கு ஈடாகப் பண்ருட்டிப் பலா இந்தச் சமயத்தில்தான் தள்ளுவண்டி நிறைய வரும். பஞ்சுமிட்டாயை மட்டும் நிறத்தைப் பார்த்து வாங்கித் தராதீர்கள். ரோடமின் பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் புதுவையிலும் தமிழகத்திலும் அதற்குத் தடை வந்ததை மறக்கக் கூடாது. திருவிழாக் கடையில் பொரியும் பேரீச்சம்பழமும் வாங்குங்கள், அதுதான் நம் பழைய வழக்கமும்.

சுண்ணாம்பாறு படகுத் துறையும் பிச்சாவரமும் தங்கை கேட்பாள். இரண்டும் நல்ல இடங்கள்தான், ஆனால் காலை வேளைக்கு உரியவை. பிச்சாவரத்துக்குச் சிதம்பரம் தாண்டிப் போக வேண்டும், ஒரு முழு நாள் போய்விடும். நாலு நாள் லீவில் ஒன்றை அதற்குக் கொடுக்க மாட்டேன். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வருகிறவர் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலையில் வர முடிந்தால் கணக்கே மாறும். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். இது மற்றத் தமிழ் ஊர்களில் எளிதில் கிடைக்காத காட்சி. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்போம். சின்ன வயதில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு அந்தச் சொல்லே புரியாது. எதிர் வீட்டில் இருந்த சொல்தா தாத்தா அன்று காலை கோட்டுக்கு இஸ்திரி போட்டு, பதக்கங்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக் குத்திக்கொள்வார். சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம். கடற்கரையில் 1938இல் திறந்த போர் நினைவுச் சின்னத்தின் முன் அவர்கள் மலர்வளையம் வைத்து நிற்கும்போது, கை நடுங்கினாலும் முதுகு வளையாது. முந்தின நாள் சாயங்காலம் விளக்கு ஊர்வலம் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு அதுவே போதும். இங்கும் என் முந்தின நாள் கணக்கு பொய்க்கவில்லை.

கடைசியாக, ஆடி. ஆடியைக் கோடை என்பதா என்று கேட்கலாம். ஐப்பசி மழை வரும்வரை எங்களுக்கு வெயில்தான். ஆடியின் ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவாக்கில் வரும். வில்லியனூரைப் போலவே இதற்கும் ஆட்சியாளர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். மீனவர் வலையில் ஒரு மரக்கட்டை சிக்கியது, அது அம்மனாயிற்று என்று ஊரில் சொல்வார்கள். அரிக்கமேட்டுக்குப் பக்கத்து ஊர், ரோமானியக் கப்பல் சரக்கு வந்து இறங்கிய கரை. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிப் பார்த்தது இங்கேதான்.

இந்த ஒரு தேருக்கு மட்டும் நான் சொன்னதை நானே மாற்றிக்கொள்கிறேன். இதற்குத் தேரன்றே போக வேண்டும். காரணம் தேர் அல்ல, ஊர். அன்று வீராம்பட்டினத்தில் யார் வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. தெரிந்தவர் வீடு ஒன்று போதும், அம்மா திண்ணையில் உட்கார்ந்துகொள்வார், பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு போய்விடுவார்கள், சாப்பாட்டுக்கு யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், இலை போட்டுவிடுவார்கள். தெரிந்தவர் இல்லாதவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் ஆடியில் முந்தைய ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை போய், அம்மனைக் கண்ணாரக் கண்டுவிட்டு வரட்டும். ஆகஸ்ட் 15 விடுமுறையோடு தேர் சேர்ந்து வந்தால் அரியாங்குப்பம் சாலை நகராது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முடியாதவர்களுக்கு எங்கள் தெரு அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி ஞாயிறில் கூழ் வார்ப்போம். முந்தின ராத்திரியே கேவுரு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, விடியலில் நொய் போட்டுக் காய்ச்சி, பெரிய அண்டாவில் இரண்டு பேர் மாறி மாறித் துடுப்பால் கிளறுவார்கள். சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. வீட்டுக்கு ஒரு சொம்பு என்று வாங்கிப்போய், வெளியூர் யாராவது வழியில் வந்தால் அவர்களுக்கும் ஊற்றுவோம். வண்டி நிறுத்த இடம் தேட வேண்டாம், கையில் நம்பர் எழுத வேண்டாம். பிள்ளை எந்த வீட்டுக்குள் ஓடினாலும் அந்த வீட்டு அக்கா கூப்பிட்டுச் சொல்வாள்.

தங்கைக்கு நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். வைகாசியில் மூன்று நாள் வா. ஒரு நாள் ராத்திரிப் புறப்பாட்டுக்குத் திருப்பாதிரிப்புலியூர், அன்று அம்மா, நீ, நான். இன்னொரு நாள் பௌர்ணமிக்குச் சில்வர் பீச், எல்லாரும். தேரன்று விடிகாலையில் உன் பெரியவனையும் என் மகளையும் உன் வீட்டுக்காரர் கூட்டிப்போகட்டும், ஒரு தெரு இழுத்துவிட்டு ஒன்பது மணிக்குள் திரும்பணும். மிச்சம் வைத்த ஒரு நாள் லீவை ஆடிக் கூழுக்கு வைத்துக்கொள்.

"பீச் ரோடு?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை ஊருக்குப் போற வழியா அது? புதன்கிழமை வந்து இறங்கு, சாயங்காலமே போலாம்" என்றேன். அம்மா பக்கத்திலிருந்து, மடக்கு நாற்காலியின் கிழிந்த பட்டையைத் தைத்தாயிற்றா என்று கேட்டார். இன்னும் தைக்கவில்லை. நாளைக்குத்தான் கொடுக்க வேண்டும்.